தெருப்பக்கமும் தோட்டப்பக்கமும்

காலையில் தொலைபேசி அடித்தால் ஒரு நாட்டின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தால் மற்ற நாட்டின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். அந்தத் தூதரக வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் விதி இதுதான். சொல்லித்தந்தவர் அங்கிருந்த இரண்டாம் செயலாளர்.

"மத்தியானம் எப்ப துவங்குது, சேர்?" என்று கேட்டேன்.

"நீர் சாப்பிட்டு முடிச்ச உடனை," என்றார்.

ஆக, இரண்டு நாடுகளின் மானம் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது. நான் அவசரமாகச் சாப்பிடுகிறவள் இல்லை என்பதால் ஒரு நாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் கிடைத்திருக்கும்.

நாடுகளின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சின்னத் தூதரகங்கள், பெயரைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரி, அதன் இரண்டு கரைகளில் இரண்டு நாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீருக்குள் எல்லை எங்கே ஓடுகிறது என்பதில் இருவருக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. அப்படியிருந்தும் லண்டனில் ஒரே கட்டடத்தில் சேர்ந்து தூதரகம் நடத்துவதென்று இரண்டு அரசுகளும் முடிவெடுத்தன. ஒத்துழைப்பு என்று அதற்குப் பெயர். அந்த ஒத்துழைப்பு எங்கள் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்ததும், யார் மேல்மாடி, யார் கீழ்மாடி என்ற கேள்வியில் முட்டிக்கொண்டு நின்றது. மேலே இருப்பவர் பெரியவர் ஆகிவிடுவார் அல்லவா? கடைசியில் இரண்டு தூதுவர்களும் ஒரே மாடிக்கு வந்தார்கள். தெருவைப் பார்த்த அறை ஒருவருக்கு, பின்தோட்டத்தைப் பார்த்த அறை மற்றவருக்கு. நடுவில் நீண்ட நடைவழி. அதன் ஓரத்தில், லிப்ட் வந்து நிற்கும் இடத்தில் என் மேசை.

எந்தக் கரையையும் சேராத ஒருத்தி வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். இலங்கை மன்னாரில் பிறந்து லண்டன் இல்ஃபோர்டில் குடியிருக்கும் நான் தோதாக அகப்பட்டேன்.

தெருப்பக்கத்துத் தூதுவர் ஒரு அம்மா. முன்பு நீதிபதியாக இருந்தவர். குட்மோர்னிங் சொன்னால்கூடத் தீர்ப்புப் போலிருக்கும். தோட்டப்பக்கத்துத் தூதுவர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர். பேசுவதைவிட இருமுவது அதிகம். இருவரும் நடைவழியில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார்கள். அந்தத் தலையசைப்பைக்கூட யார் முதலில் செய்வது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த விதியைச் சொல்லித்தந்த இரண்டாம் செயலாளர் தோட்டப்பக்கத்து நாட்டைச் சேர்ந்தவர். நெடிய, மெலிந்த மனிதர். நடக்கும்போது சப்பாத்துச் சத்தமே கேட்காது. பேசும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வார், தூரத்தில் எங்கோ பாடுவதைக் கேட்கிறவர் போல. என்னை 'மை சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் கனவில் எல்லோரும் எங்கள் பாஷையில் கதைப்பதுபோல, என் நினைவில் அவர் எங்கள் ஊர்த் தமிழில்தான் கதைக்கிறார். 'மை சிஸ்டர்' தங்கச்சி ஆகிவிட்டது. தூதுவர்களும் அப்படித்தான். எனக்கு அவர்களை வேறு மாதிரி நினைக்க வரவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய உண்மையான வேலை என்னவென்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. காலையில் தோட்டப்பக்கத்து அறைக்குள் போவார். உள்ளே இருமல் கேட்கும். வெளியே வருவார். நடைவழியில் மெதுவாக நடந்து தெருப்பக்கத்துக் கதவைத் தட்டுவார்.

"அம்மா, எங்கடை ஐயா உங்கடை நேற்றைய பேச்சைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் கதைச்சவர். அப்பிடி ஒரு தெளிவு தனக்கு வராதாம்."

பிறகு திரும்பி நடந்து மற்ற அறைக்கு வருவார்.

"ஐயா, உங்கடை இருமல் எப்பிடி எண்டு அம்மா விசாரிச்சவா."

ஐயா அம்மாவின் பேச்சைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா இருமலைப் பற்றி விசாரித்ததும் இல்லை. இரண்டு கதவும் அநேகமாகத் திறந்தே கிடக்கும், என் காதும் அப்படித்தான். ஒருவர் சொல்லாத நல்லதை மற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் வேலை. நாளெல்லாம் அதைச் செய்தார். பிறந்தநாள் வாழ்த்து, கறுப்புக் கோட்டுக்கு ஒரு மெச்சல், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அனுதாபம், எல்லாம் அவர் வாயில் பிறந்து நடைவழியைக் கடந்தன.

எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சேர், இது பொய் எல்லோ? பாவம் இல்லையோ?"

அவர் கோபிக்கவில்லை. கண்ணைப் பாதி மூடினார். "அவை மனசிலை நினைச்சிருப்பினம், தங்கச்சி. சொல்ல நேரம் கிடைச்சிருக்காது. நான் அந்த நேரத்தை மிச்சப்படுத்துறன்."

வீட்டில் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சுப்பர்மார்க்கட் களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை அவருக்கு. "பொய் சொல்லுறதுக்குச் சம்பளம் குடுக்கினமே? எனக்கும் ஒரு இடம் இருக்கோ எண்டு உங்கடை ஆளிட்டைக் கேட்டுப் பாரும்," என்றார்.

சிரித்தாலும் எனக்குள் ஒரு சங்கடம் இருந்துகொண்டே இருந்தது. இரண்டாம் செயலாளர் எனக்குச் சொல்பவற்றில் எது மெய், எது பொய்? தன் ஊரைப் பற்றி நிறையச் சொல்வார். மாரி நாட்களில், தெருவிளக்குகள் பின்னேரமே எரியத் தொடங்கும் வேளையில், என் மேசையில் சாய்ந்துகொண்டு ஏரியைப் பற்றிச் சொல்வார். விடியற்காலையில் தண்ணீருக்கு நடுவிலிருந்து கறுப்புப் புகை தூண்தூணாக எழுமாம். புகை இல்லையாம், பூச்சியாம். கோடிக்கணக்கான சின்னப் பூச்சிகள் சேர்ந்து எழும்பி, காற்றோடு ஆடி, ஒரு கரைக்கோ மறு கரைக்கோ போய் இறங்குமாம். இறங்குகிற கரையில் பெண்கள் சட்டிகளைச் சுழற்றிப் பிடித்து, அடையாகத் தட்டிச் சாப்பிடுவார்களாம். இதை நான் துளியும் நம்பவில்லை. ஒரு நாள் தெருப்பக்கத்து அம்மா லிப்டுக்குக் காத்துநின்றபோது கேட்டேன். "ஓம். உப்புப் போட்டால் நல்ல ருசி," என்றார். நம்ப முடியாததெல்லாம் மெய்யாகவும், சாதாரணமாகக் காதில் விழுந்ததெல்லாம் பொய்யாகவும் இருந்தது அந்தக் கட்டடத்தில். எனக்கு அங்கே வேலை செய்த காலம் முழுவதையுமே பாதி நித்திரையில் கழித்ததுபோல இப்போது தோன்றுகிறது.

ஒருமுறை தெருப்பக்கத்து அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். வேலைக்கு வரவில்லை. இரண்டாம் செயலாளர் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, நீர் மீன் சமைப்பீரே?"

மன்னார்க்காரியிடம் கேட்கிற கேள்வியா இது! அடுத்த நாள் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, தேசிக்காய் பிழிந்து மீன்சொதி வைத்து, பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் தெருப்பக்கத்து அம்மாவின் வீட்டுக்கு எடுத்துப்போய், தோட்டப்பக்கத்து ஐயா வீட்டிலிருந்து வந்த சூப் என்று கொடுத்திருக்கிறார். எனக்கு இது தெரியாது.

காய்ச்சல் மாறி அம்மா வந்த கிழமை, இரண்டு பக்கமும் சேர்ந்து தேநீர் குடிக்கும் வழக்கமான கூட்டம். நான் பிஸ்கட் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கடை வீட்டுச் சூப் நல்லாயிருந்தது," என்றார் அம்மா, ஐயாவைப் பார்த்து.

ஐயா இருமினார். அவர் சூப்பும் அனுப்பவில்லை, ஒரு மண்ணும் அனுப்பவில்லை. அவருடைய கண் மெல்ல நடந்து இரண்டாம் செயலாளரிடம் போனது. இரண்டாம் செயலாளர் கூரையில் ஏதோ இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தோசம்," என்றார் ஐயா.

"தேங்காய்ப்பால் விட்டிருந்தது போலை."

"ஓம்."

"உங்கடை நாட்டிலை தென்னை இல்லையே?"

கடலையே காணாத நாடு அது. தட்டை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

ஐயா நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பதான் வைக்கத் துவங்கியிருக்கிறம்," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "நல்லாய் வளரட்டும்," என்று சொல்லித் தேநீரை எடுத்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இருவருக்கும் எல்லாம் தெரியும் என்று. எத்தனை காலமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தங்களுக்கு வரும் நல்ல வார்த்தைகள் மற்றவர் சொன்னவை அல்ல என்று தெரிந்துகொண்டே வாங்கி வைத்திருக்கிறார்கள். தெரியாதவர் இரண்டாம் செயலாளர் ஒருவர்தான். தன் பொய் பலிக்கிறது என்று நம்பி, பாவம், அந்த நடைவழியில் நடந்துகொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், ஒரு தம்பியின் மேல் வருவதுபோன்ற பாசம் வந்தது. அவருக்கு என்னைவிட வயது கூட.

பிறகுதான் அந்த மீனவர் பிரச்சினை. ஏரியில் காற்று அடித்த நாட்களில் இரண்டு பக்கத்துப் படகுகளும் அள்ளுண்டுபோக, இந்தக் கரைக்காரரை அந்த நாடும், அந்தக் கரைக்காரரை இந்த நாடும் பிடித்து அடைத்துவிட்டன. இரண்டு பக்கச் சிறையிலும் ஆட்கள். விடச்சொல்லிக் கேட்டால் விட்டுவிடலாம். ஆனால் யார் முதலில் கேட்பது? முதலில் கேட்கிற நாடு, தன் படகுதான் எல்லை தாண்டியது என்று ஒப்புக்கொண்ட நாடாகிவிடும். ஏரி வழக்கே அதில் தோற்றுப்போகும். அதனால் இருவரும் கேட்கவில்லை.

தோட்டப்பக்கத்து நாட்டைச் சேர்ந்த ஒரு பெண், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள், வேலை முடிந்ததும் நேரே எங்களிடம் வந்துவிடுவாள். அவளுடைய தம்பி அக்கரைச் சிறையில். கோட்டுக்குள் யூனிபோர்மோடு என் மேசைக்கு முன்னால் இருக்கிற கதிரையில் உட்கார்ந்திருப்பாள். "ஏதும் செய்தி?" என்று ஒரு தரம் கேட்பாள். நான் இல்லையென்று தலையாட்டுவேன். இருந்தபடியே நித்திரையாகிவிடுவாள். எழுப்ப எனக்கு மனம் வராது.

அவள் அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் என் அண்ணனின் கதையை இரண்டாம் செயலாளருக்குச் சொன்னேன். எங்கள் கடலிலும் எல்லை தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அண்ணன் ஒருமுறை அக்கரையில் பிடிபட்டுக் கிடந்தான். அண்ணி ஒவ்வொரு இராவும் அவனுடைய பங்குச் சோற்றை மூடி வைப்பாள். விடிந்ததும் அதைப் பழஞ்சோறாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அடுத்த இராவும் மூடி வைப்பாள்.

"பிறகு ஆர் முதல்ல கேட்டது?" என்றார் அவர்.

"ஒருத்தரும் கேக்கேல்லைப் போலை, சேர். ஒரு நாள் விட்டிட்டாங்கள். அதுக்குள்ளை படகு அந்தக் கரையிலை கிடந்து உக்கிப்போச்சு."

அவர் கண்ணை முழுவதும் மூடிக்கொண்டார். கதிரையில் அந்தப் பெண்ணின் தலை ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை தெருப்பக்கத்துக் கதவைத் தட்டினார். "அம்மா, எங்கடை ஐயா கேக்கிறார். உங்கடை ஆக்களை நாங்கள் விடுறம், எங்கடை ஆக்களை நீங்கள் விடுவியளோ எண்டு. அவர்தான் முதல்ல கேட்டவர் எண்டு எழுதிக்கொள்ளுங்கோ." அங்கிருந்து வந்து தோட்டப்பக்கத்து அறைக்குள் போனார். அதே சொற்கள். அம்மாதான் முதலில் கேட்டவர் என்று ஒரு வித்தியாசம் மட்டும்.

வெளியே வந்தபோது நான் மறித்தேன். "சேர், இது சூப் இல்லை. பிடிபட்டால் உங்கடை வேலை போகும். அந்தப் பெடியளும் உள்ளுக்கையே கிடப்பாங்கள்."

"ஓம்," என்றார். என்னைத் தாண்டி நடந்துபோனார்.

தூதுவர்கள் இருவரும் கேட்டதை அப்படியே தலைநகரத்துக்கு எழுதினார்கள், பிடிபட்டது. மற்ற நாடு கேட்டுக்கொண்டதால் சம்மதிக்கிறோம் என்று இரண்டு தலைநகரமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள, நாங்களா கேட்டோம், நீங்களல்லவா கேட்டீர்கள் என்று பெரிய அமளி. விடுதலையை நிறுத்திவைத்தார்கள். வேறு ஒரு மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த தெருப்பக்கத்து நாட்டின் பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் கட்டடத்துக்கு விசாரிக்க வந்தார். தோட்டப்பக்கத்து நாட்டின் அதிகாரி திரையில் தோன்றினார். திரையை இயக்குவது என் பொறுப்பு என்பதால் நான் மூலையில் நின்றேன். இரண்டாம் செயலாளர் தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட ஆயத்தமாக வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேரில் வந்திருந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரே ஒரு கேள்விதான். முதல்ல கேட்டது ஆர்?"

இரண்டாம் செயலாளர் வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் அம்மாவின் குரல் வந்தது.

"நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா நீதிமன்றத்தில் இருப்பதுபோல இருந்தார். "நடைவழியிலை வைச்சு நான்தான் ஐயாவைக் கேட்டனான்."

ஐயா மேசையில் கையை ஊன்றினார். "அம்மா மறந்துபோனா. முதல்ல கேட்டது நான்."

"இல்லை, நான்."

"நான் கேட்ட பிறகுதான் நீங்கள் கேட்டனீங்கள்!"

மேல்மாடி யாருக்கு என்று சண்டை பிடித்த அதே சூட்டோடு, அதே பிடிவாதத்தோடு இருவரும் மோதிக்கொண்டார்கள். தங்கள் அரசு தங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளக்கூடிய ஒரு பழியை, எனக்குத் தா, எனக்குத் தா என்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் இருந்தவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணாடிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை கேட்டிருக்கிறியள் எண்டு எழுதட்டே?"

"எழுதுங்கோ," என்றார்கள் இருவரும்.

நான் சுவரோடு நின்ற அவரைப் பார்த்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அவருடைய கண்கள் முழுவதும் விரிந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். இவ்வளவு காலமும் தான் ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்த இரண்டு பேர் அவரை மேசைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று தாங்கிப் பிடித்திருந்தார்கள். அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சில நாட்களில் மீனவர்களை விட்டார்கள். செய்தி எங்களுக்கு வரும் முன்பே அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது. என் மேசைக்கு முன்னால் இருந்தபோதே அவளுடைய போனில் படம் வந்தது. ஈர மணலில் ஒரு பொடியன் செருப்பில்லாமல் நடந்து வருகிறான், அவனை நோக்கி யாரோ ஓடுகிறார்கள். அவள் எழுந்து நின்று, தலையை அண்ணாந்து, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அந்த நடைவழி இங்கிலாந்தில் இருப்பதையே ஒரு நிமிடம் மறந்துபோனது. நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாக அழுதேன்.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். அந்தப் பெண்ணையும் போனையும் பார்த்தார். பிறகு, என் பக்கத்தில் நின்ற இரண்டாம் செயலாளரிடம் சொன்னார்.

"உங்கடை ஐயாவிட்டைப் போய்ச் சொல்லும். அண்டைக்கு அந்த மேசையிலை என்னைத் தனிய விடாததுக்கு நான் நன்றி சொன்னனான் எண்டு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் தோட்டப்பக்கம் நடந்தார். எத்தனையோ தடவை நடந்த வழி. கதவுக்கு முன்னால் கையை உயர்த்தினார். தட்டவில்லை. கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி என்னிடமே வந்தார்.

"தங்கச்சி, நீர் போய்ச் சொல்லும்."

"ஏன், சேர்?"

"நான் சொன்னால் நம்பமாட்டார்." கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இது அவா மெய்யாச் சொன்னது. என்ரை வாயாலை போனால் இதுவும் நான் சொன்னதாப் போயிடும்."

நான் போனேன். ஐயா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"அவர்தானே உம்மை அனுப்பினவர்?"

"ஓம், ஐயா. ஆனால் அம்மா சொன்னதை நான் என்ரை காதாலை கேட்டனான்."

ஐயா இருமவில்லை. பிறகு எழுந்து கதிரையில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு, நடைவழிக்கு வந்து தெருப்பக்கம் நோக்கித் தானே நடந்தார்.

வழியில் நின்ற இரண்டாம் செயலாளர் சுவரோடு ஒட்டி நின்று இடம் விட்டார்.